ஐஸ்காரர் எடுத்த சாமியார் பேய்ப்படம்

உலகத்திலேயே பயங்கரமான பேய்ப்படங்களை எடுத்தவர் திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்து ஐஸ்காரர்தான். பார்த்தவர்களில் ஒருவர்கூட நெடுநாளாகப் பயப்படவில்லை என்பது வேறு கதை.

காலையில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பார். பின்னேரமானால் போனைத் தூக்கிக்கொண்டு இயக்குநராகிவிடுவார். எந்தப் படமென்றாலும் வில்லன் ஒருவன்தான்: உயிர் பறிக்கிற போலிச் சாமியார். தாடிக்கு அறுந்த வலை, கழுத்து மாலைக்கு வலை மிதவை. புகைக்குத் தேங்காய்த் தும்பைக் கொளுத்துவார். பேய் வர முதலே எல்லாருக்கும் இருமல் வந்துவிடும்.

நான் அவருடைய நிரந்தரப் பிணம். ஒருமுறை என்னை ஐஸ் கட்டியில் கிடத்தினார். பற்கள் தந்தியடித்தன.

"பிணம் ஏன் ஆடுது?" என்று கத்தினார்.

"அண்ணை, குளிர் தாங்க ஏலாது!"

"செத்த பிறகு என்ன குளிர்? பேசாமக் கிடவும் தம்பி!"

படம் காட்டினால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மனுசனின் முகம் சுருங்கிப்போகும். ஒருநாள் சபதமே போட்டுவிட்டார்: "இந்தமுறை ஒரு ஆளாவது பயப்படேல்லையெண்டா, படம் எடுக்கிறதையே விட்டிடுவன்." எனக்குப் பகீரென்றது. படம் எடுக்காத ஐஸ்காரரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, வழக்கமாகச் சாமியாராக நடிப்பவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். அவசரத்துக்கு, துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிற அண்ணரைப் பிடித்தோம். அவருக்குத் தெரிந்தது ஒரே ராகம். "ஓம் ரீம்" என்று தொடங்குகிற மந்திரம் "ஒருதரம்!" என்று முடிந்தது. ஐஸ்காரர் தலையிலடித்துக்கொண்டார். பிறகு, "சரி, நீர் ஏலமே கூறும். பிணத்தின்ர உயிரைப் பேய்களுக்கு வித்துவிடும்" என்றார்.

ஐஸ் அறைச் சுவரில் படம் ஓடியது. படகுகளின் சொந்தக்காரரான சம்மாட்டிமாரும் மீன் வெட்டுகிற பெண்களும் சிரிக்கவென்றே வந்திருந்தார்கள். படத்தில் நான் ஐஸில் நடுங்கினேன்; சிரிப்பு. சாமியாரின் தாடி கழன்றது, பெருஞ்சிரிப்பு. அதற்குப் பிறகுதான் சாமியார் வாய் திறந்தார்.

"இந்த உயிர் ஆருக்கு? ஒருதரம்..."

சிரிப்பு நின்றது. பட்ட பாட்டுக்கு விலை வருமா என்று நாள்தோறும் விடியற்காலையில் அவர்கள் பயந்து பயந்து கேட்கிற அதே ஏலக் குரல்.

"ரெண்டுதரம்..."

மூன்றாம் தரம் சொன்னால் உயிர் போச்சு. கடலுக்கே பயப்படாத ஒரு சம்மாட்டி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"டேய், நிப்பாட்டு! பொடியனை நான் எடுக்கிறன்! கூறாத!"

"பேய்க்குக் குடுக்காத! நாங்கள் எடுக்கிறம்!" என்று பெண்கள் அலறினார்கள். பக்கத்தில் இருந்து படம் பார்த்த, ஏலம் கூறிய அண்ணரே பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். உயிரோடு உட்கார்ந்திருந்த என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் ஐஸ்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குதுறை வரைக்கும் ஊர்வலம் போனோம். "பயந்திட்டாங்களடா! எல்லாரும் பயந்திட்டாங்கள்!" என்று மேலே இருந்து அழுதுகொண்டே வந்தார்.

மறுநாளே அடுத்த படத்துக்குப் பிணம் கேட்டு வந்துவிட்டார். ஐஸில் கிடந்து பிடித்த தடிமனும் தும்மலும் எனக்கு இன்னும் மாறவில்லை. என்றாலும், அந்த மனுசனுக்காக நான் எத்தனை தரமும் சாவேன்.