பதினாலாம் நம்பர் மனை

"ஏனுங்க, இப்ப கிளம்பிப் போன லோடு யாருதுங்க?" என்று கேட்டுக்கொண்டே வம்சி குடோனுக்குள் ஓடிவந்தான்.

"நீங்க போட்ட பில்லுதானுங்க தம்பி" என்றார் குடோனைப் பார்த்துக்கொள்ளும் குழந்தையம்மாள். "ரெண்டாயிரம் செங்கல். கரீம் எடுத்துட்டுப் போயி அரை மணி நேரமாச்சு."

வம்சி மென்பொருள் பயிற்சியாளன். செங்கல், சிமெண்டு, டைல்ஸ் விற்கும் கடைக்காரர்களுக்குக் கணினியில் பில் போடவும் லோடு அனுப்பவும் சொல்லித்தருவது அவன் பிழைப்பு. இன்றைக்கு காரமடையில் திருமலைசாமியின் கடை. இங்கே எந்தச் சீட்டு வந்தாலும் முதலாளிக்கு மூன்று தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்கள். குடோன் பிரிண்டரில் சீட்டு வந்தால் யாரையும் கேட்காமல் ஏற்றுங்கள் என்று காலையில் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தான். இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதை ஒரே தடவையில் கேட்டுக்கொண்ட கடை இதுதான்.

பயிற்சிக்கென்று இருக்கும் தனிக் கணக்கில் போடவேண்டிய மாதிரி பில்லை அவன் நிஜக் கணக்கில் போட்டுத் தொலைத்திருந்தான். பெயர் ஷ்ரவ்யா, அவன் மனைவி. போன் நம்பரும் அவளுடையதே. முகவரி, பெரியநாயக்கன்பாளையத்தில் பதினாலாம் நம்பர் மனை.

அந்த மனை அவள் அப்பா கொடுத்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வம்சி சொந்தக் கம்பெனி வைத்து மூழ்கியபோது, அவன்தான் அதை விற்கச் சொன்னான். பத்திர ஆபீசுக்குக்கூடத் துணைக்குப் போகவில்லை. வெட்கம். அவளே தனியாகப் போய்வந்து, பணத்தை அவன் கையில் கொடுத்து, "வித்துப்போட்டேனுங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஆரமும் வளையலும் போடுவதை விட்டுவிட்டாள். ஆசையில்லை என்றாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு ஏது என்று இருந்துவிட்டான்.

அதற்குப் பதிலாக, போகிற கடையிலெல்லாம் அந்த மனைக்கு மாதிரி பில் போட்டான். பொள்ளாச்சியில் அஸ்திவாரக் கல், வெள்ளகோவிலில் ஜன்னல், இன்னொரு ஊரில் சமையலறை டைல்ஸ். சாயங்காலம் கிளம்பும்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவான். விற்கச் சொன்னதை மட்டும் அவனால் அழிக்க முடியவில்லை.

இப்போது யாரோ ஒருவருடைய இடத்தில் இரண்டாயிரம் செங்கல் இறங்கப்போகிறது. அவர் பில்லைப் பார்த்து ஷ்ரவ்யாவுக்குப் போன் போட்டால்? ஆறிப்போயிருக்கும் அவள் மனசைத் தன் கையாலேயே கிளறியதாகிவிடும். அதற்குள் லோடை நிறுத்தியாக வேண்டும்.

பில்லை ரத்து செய்யப் பார்த்தான். லோடு கிளம்பிய பில் ரத்தாகாது, திருத்தத்தான் முடியும். இதையும் காலையில் அவனே பெருமையாகச் சொல்லியிருந்தான். செங்கலைப் பூஜ்யமாக்கப் போன அவசரத்தில், கீழ் வரியில் சிமெண்டு ஐம்பது மூட்டை என்று விழுந்தது. குடோன் பிரிண்டர் கறகறவென்றது. அவன் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் பத்து மூட்டை ஏறியிருந்தது.

"நிறுத்துங்கம்மா, அது தப்பு."

"நிறுத்தறதுக்கும் ஒரு சீட்டுக் குடுத்துருங்க தம்பி" என்றார் குழந்தையம்மாள் பணிவாக. "வாய்ப்பேச்சு செல்லாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

கரீமுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்பதும் காலைப் பாடத்தில் இருந்தது. கடைசியில், திரையில் 'லோடை நிறுத்திவை' என்றிருந்த பொத்தானை அழுத்தினான். அழுத்தியதும் வாடிக்கையாளருக்குச் செய்தி போய்விட்டது: 'தங்கள் லோடு பதினாலாம் நம்பர் மனைக்கு வந்துகொண்டிருக்கிறது. உடனே நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.' வாடிக்கையாளர் வரும்வரை வண்டியை மனை வாசலில் நிறுத்திவைக்கத்தான் அந்தப் பொத்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது; அந்த வாசகத்தைப் போன வருஷம் எழுதிக்கொடுத்தவனும் அவன்தான்.

ஷ்ரவ்யாவைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. துடியலூரில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து மனைக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம்தான்.

வேறு வழியில்லாமல் திருமலைசாமியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வித்த எடத்துல எதுக்குங்க தம்பி ஊடு கட்டிட்டே இருக்கறீங்க?" என்று கேட்டார்.

வம்சி நினைத்துப்பார்த்தான். அன்றைக்கே அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஐந்து வருஷம் ஊர் ஊராகப் பொய் பில் போட்டதற்குப் பதில், பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். கண் கலங்கியது. திருமலைசாமி நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன் அடித்தது. கரீம். இடத்துக்காரர் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று, திட்டு வாங்கத் தயாராக எடுத்தான்.

"சார், லோடு எறக்கியாச்சுங்க. பில்லுல பேரு இருக்கற அம்மணியே வந்து வேலிப் பூட்டத் தொறந்து உட்டாங்க, அஞ்சு வருசமா சாவி அவிய கிட்டயேதானுங்க இருக்குதாமா, சிமெண்டு எப்ப வரும்னு கேக்கறாங்க."