பென்குயின் வந்த திங்கட்கிழமை

"பாதாளம் சார், உங்க பென்குயின் என்னை முறைக்குது."

ரிசப்ஷன் பெண்ணின் இந்தப் புகார் வந்தபோது மணி ஒன்பது பத்து. அன்றைய முதல் புகார் அதுதான்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பருக்குப் பாதாளம் என்று பெயர் வந்ததில் ரகசியம் ஒன்றும் இல்லை. பதினோரு வருடமாகக் கட்டடத்தின் அடித்தளத்தில், கம்பி வடத்துக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஜன்னல் கிடையாது. போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் போனை மேஜை டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். கம்ப்யூட்டரும் கிடையாது. எல்லாமே நோட்டுப் புத்தகம்தான்.

கம்ப்யூட்டரையே தொடாதவர், அதை இயக்க இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்துக்கு எப்படி வக்கீல் ஆனார் என்றால், பஸ்ஸில் போகவர பத்திரிகையில் படித்துப் படித்துத்தான். இரண்டாம் மாடியில் இருந்த ஏழு கம்ப்யூட்டர்களும் கிழடு தட்டிப்போய், காலையில் போட்டால் டீ குடித்து முடித்த பிறகுதான் கண் திறந்தன. அத்தனையையும் தூக்கிப் போட முதலாளி முடிவு செய்திருந்த நேரத்தில், இவர் போய்க் குறுக்கே நின்றார்.

"வேண்டாம் சார். லினக்ஸ் போட்டா இதே மிஷின் பறக்கும். மின்ட், உபுண்டு, டெபியன்னு நூறு வகை இருக்கு. எழுத, கணக்குப் போட, படம் வரைய எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர் கூடவே வருது."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி, திங்கட்கிழமை ஒருநாள் பார்ப்போம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னா, ஜன்னலோரம் காலியா கெடக்கே ஒரு மேஜை, அது உங்களுக்கு. சிஸ்டம் இன்சார்ஜ். இல்லேன்னா ரிட்டயர் ஆகிற வரைக்கும் கீழேதான்."

அன்றைக்கு வீட்டில் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "ஜன்னல் வழியா என்ன தெரியும்?" என்பதுதான். "ஒரு பஸ் ஸ்டாப், ஒரு மரம், அப்புறம் வானம்" என்றார் அவர்.

சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் மெக்கானிக் பையோடு வந்தான். ஸ்டோர்கீப்பர் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "தம்பி, எல்லாத்துலயும் லினக்ஸ் சின்னமான பென்குயின் படம் நல்லதா ஒண்ணு வெச்சிடுங்க. பார்த்ததுமே எல்லாருக்கும் பிடிச்சுப் போகணும்." சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மேலே வந்து பார்த்தால் ஏழு திரையிலும் ஏழு பென்குயின்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலையும் சீப்பையும் ஜன்னலோர மேஜையில் வைத்தார். கடையில் கொடுத்து அச்சடித்து வைத்திருந்த பதினாலு பக்க லினக்ஸ் வழிகாட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரிசப்ஷனுக்கு வந்தார்.

"முறைக்கலம்மா, சிரிக்குது. பழகினா சரியாயிடும்."

"எழுத்தெல்லாம் வேற பொடிப்பொடியா தெரியுது சார். பழையதுல நல்லா பெருசா இருந்துது."

வழிகாட்டியின் ஐந்தாம் பக்கத்தில், இடது மூலையில் உள்ள மெனுவைத் திறக்கவும் என்று இருந்தது. திறந்தார். பக்கத்தில் போட்டிருந்த ஒன்றுமே அங்கே இல்லை.

"இது வேற வகை லினக்ஸ் போல இருக்கு. நூறு வகைன்னு சொன்னேன்ல?" என்று சமாளித்தபடி, கண்ணில் பட்ட இரண்டு மூன்று இடங்களை அழுத்திப் பார்த்தார். எழுத்து சட்டென்று ஊதிப் பெருத்தது.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது சார். ஆனா மீதி எங்க போச்சுன்னு தெரியல."

அதற்குள் டைப்பிஸ்ட் அக்கா கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டாள் என்றால், நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கீ எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. விரல் வலிக்குது. நான் எதுல டைப் அடிக்கணும், அதைச் சொல்லுங்க."

"லிப்ரே ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும் பாருங்கக்கா."

அவள் வழக்கமாகத் தட்டும் இடத்தில் தட்டினாள். வழக்கமாக வரும் வெள்ளைக் காகிதம் வந்தது. "இதுவா?"

ஸ்டோர்கீப்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அதேதான். பழகினவங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு அச்சு அசலா அப்படியே செஞ்சிருக்காங்க பார்த்தீங்களா?"

அக்கா இரண்டு வரி அடித்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "என்னதான் இருந்தாலும் பழையதுல இருந்த அந்த ஒரு நயம் இதுல வரல."

ஆனால் லிஃப்ட்டுக்குப் பிளான் படம் வரைபவர் அவரைத் தட்டிக்கொடுத்தார். "சும்மா சொல்லக் கூடாது சார், ஜிவ்வுன்னு ஓடுது. அந்த ஓட்டை சிஸ்டத்தோட பத்து வருஷம் மாரடிச்சோமே!" ஸ்டோர்கீப்பருக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி பதினொன்றரை மணிவரை தாங்கியது.

பதினொன்றரைக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஊரின் மறுகோடியிலிருந்து போன் செய்து கத்தினான். "இங்க லிஃப்ட் அம்சமா ஓடுதே! எதுக்கு என்னை அனுப்பினீங்க?"

விஷயம் இதுதான். புகார்ப் படிவத்தில் விலாசம் போடும் கட்டம் வலது பக்கம் இருக்கும். எழுத்து பெருத்ததில் அந்தக் கட்டம் திரைக்கு வெளியே போய்விட்டது. ரிசப்ஷன் பெண் கண்ணில் தெரிந்ததை மட்டும் நிரப்பினாள். விலாசக் கட்டத்தில் காலையில் போட்ட முதல் விலாசமே ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதரையிலிருந்து நான்கு மெக்கானிக்குகள் ஒரே கட்டடத்துக்குப் போயிருக்கிறார்கள். நாலாவதாகப் போனவனைக் காவலாளி உள்ளேயே விடவில்லை.

"பதறாதீங்க" என்றார் ஸ்டோர்கீப்பர், பதறிக்கொண்டே. "எல்லாரும் ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. தானா சரியாயிடும்."

ஏழு பேரும் அணைத்துப் போட்டார்கள். ஏழு திரையிலும் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. 'அப்டேட் நடக்கிறது. நான்கு சதவீதம். அணைக்க வேண்டாம்.'

லினக்ஸில் இப்படிக் காக்க வைக்கும் தொல்லையே இருக்காது என்று வழிகாட்டியின் இரண்டாம் பக்கம் அடித்துச் சொல்லியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினேழு சதவீதத்தில் ரிசப்ஷன் போன் அடித்தது.

"யாரு? சார், நீங்களா! எங்க மாட்டிக்கிட்டீங்க?" அவள் முகம் வெளுத்துவிட்டது. "நம்ம லிஃப்ட்லயா?"

முதலாளி முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் முதலாளி, தன் சொந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டில்! எந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறான் என்ற பட்டியல் கம்ப்யூட்டருக்குள். அவர்கள் போன் நம்பரும் கம்ப்யூட்டருக்குள். கம்ப்யூட்டர் பதினெட்டு சதவீதத்தில்.

"யாரையாவது அனுப்பும்மா!" என்ற குரல் போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது.

முக்கால் மணி நேரம் எல்லோரும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஸ்டோர்கீப்பருக்கே பொறி தட்டியது. தடதடவென்று அடித்தளத்துக்கு ஓடி, இருட்டில் கையை விட்டு மூன்றாவது தட்டிலிருந்து கதவுச் சாவியையும் கைப்பிடிச் சக்கரத்தையும் எடுத்தார். மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறி, மின்சாரத்தை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை இறக்கினார். கீழே வந்து கதவைத் திறந்தார். எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம்.

முதலாளி சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து வெளியே வந்தார். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த முக்கால் மணி நேரம் ஞாபகம் வந்துவிட்டது.

"இவ்வளவு நல்லா வேலை தெரிஞ்ச மனுஷன், தெரியாத வேலைக்கு ஏன்யா ஆசைப்பட்டே?"

பதினொன்றரையிலிருந்து ஸ்டோர்கீப்பர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

மத்தியானம் அப்டேட் முடிந்தது. எல்லோருக்கும் திரும்ப வேலை ஓடியது. ஆனாலும் டைப்பிஸ்ட் அக்கா விடவில்லை. லினக்ஸால் தாங்கள் படும் அவதியைப் பற்றி முதலாளிக்கு ஒரு மனு தயார் செய்தாள். இரண்டு பக்க மனுவைப் பதினைந்து நிமிடத்தில், ஒரு பிழைகூட இல்லாமல் அடித்து, பளிச்சென்று அச்சும் எடுத்தாள். 'பழைய சிஸ்டம் எங்கள் கூடப்பிறந்த பிறப்பு போன்றது' என்று அதில் ஒரு வரி. காலையில் தட்டிக்கொடுத்த படம் வரைபவரின் கையெழுத்துதான் முதலில் இருந்தது.

சரியாக ஐந்து மணிக்கு முதலாளி மனுவோடு வந்து நடு ஹாலில் நின்றார். எல்லோரும் அவர் பின்னால் கூடினார்கள். ஸ்டோர்கீப்பர் ஜன்னலோரம் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். மரத்தடியில் பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது. அதை முழுசாகப் பார்த்துவிட்டுச் சீப்பையும் எடுத்துப் பையில் போட்டார். வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"அந்தக் கம்ப்யூட்டர்காரனை உடனே கூப்பிடுங்க" என்றார் முதலாளி.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வாசலில் அவனே பையோடு நின்றுகொண்டிருந்தான். வந்ததும் வராததுமாக ஸ்டோர்கீப்பரைத்தான் தேடினான்.

"என்ன சார், நேத்துலேர்ந்து உங்களுக்கு எத்தனை போன்! எடுக்கவே மாட்டேங்கிறீங்களே?"

"அவரை விடுப்பா" என்று முதலாளி இடைமறித்தார். "இந்த லினக்ஸை மொத்தமா வழிச்சு எறிஞ்சுட்டு, எங்க பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுக் குடு. எவ்வளவு நேரம் ஆகும்?"

அவன் ஏழு திரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தான். மனுவைப் பார்த்தான். பையிலிருந்து பென் டிரைவை எடுத்தபடி, ஒன்றும் புரியாமல் சொன்னான்:

"எதை சார் எறியறது? சனிக்கிழமை உங்க ஃபைலையெல்லாம் காப்பி எடுக்கவே நேரம் போயிடுச்சு, இவர் ஆசைப்பட்டாரேன்னு பென்குயின் படத்தை மட்டும் வெச்சுட்டுப் போனேன். லினக்ஸைப் போடத்தானே இப்ப வந்திருக்கேன்?"