ஐந்து முகம் போட்ட தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுத வழியில்லாமல் செய்தவள் நீ.

உன் மருமகள், என் பாப்பாவுக்கு மூன்று மாதமாக வயிற்றுவலி, ஸ்கேன் முதல் ரத்தம் வரை எல்லாம் சுத்தம் என்றதும், "குழந்தைங்க ஆஸ்பத்திரியில ஒரு உளவியல் நிபுணர் இருக்காங்க, கூட்டிட்டுப் போடா" என்றாய், போனேன். அந்த அறையில் ஸ்டெதஸ்கோப் கூடக் கிடையாது. குட்டி நாற்காலிகளும் கலர் பென்சிலும்தான். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். பதினோரு வயதுப் பெண்ணை முக்கால் மணி நேரம் படம் வரையவிட்டு, "வலி நிஜம்தான் சார், நடிப்பு இல்ல" என்றார் அந்த அம்மா. நான் நடிப்பு என்றேனா? வீட்டில் சொன்னேன், அதுவும் நாலைந்து தடவைதான்.

மருந்துக்குப் பதில் ஒரு தாள். அதில் ஐந்து முகம். சிரிக்கிற முகத்துக்கு எண் ஒன்று, அழுகிற முகத்துக்கு எண் ஐந்து. வலிக்கும்போது பாப்பா ஒரு முகத்தைத் தொட வேண்டும், நாம் நேரத்தோடு குறிக்க வேண்டும். மனைவி கிறுக்குவாள் என்று நானே எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிறவன் இல்லையா? பகலில் அவள் போனில் சொல்ல, நான் கோடு போட்டு இரண்டு வாரம் நிரப்பி, அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ரொம்ப நேர்த்தியா இருக்கு சார். வேலை நாள்ல எல்லாம் சாயந்திரம் ஆறே முக்காலுக்கு அஞ்சாகுதே, அப்ப வீட்டுல என்ன நடக்கும்?" என்றார். "ஒண்ணும் நடக்காதும்மா, நான் வருவேன்" என்றேன். "ஞாயித்துக்கிழமை?" "வீட்டுலயேதான் இருப்பேன், காலையிலேர்ந்தே அஞ்சு." இரண்டாவது ஞாயிறு பகல் மட்டும் ஒன்று, அன்று எனக்கு ஓவர்டைம். மனைவி கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒரு நாள் கை ஓங்கியிருப்பேனா? வந்ததும் பாப்பாவைப் பள்ளி நோட்டைக் கொண்டுவரச் சொல்வேன், தப்பைச் சிவப்பில் சுழிப்பேன், இன்னொரு தரம் எழுதச் சொல்வேன், அவ்வளவுதானே? இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். நீயும் உன் யோசனைகளை உன்னோடு வைத்துக்கொள்.

அத்தானுக்கு வணக்கம், உன் பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் இன்னொன்று. அந்தத் தாள் தப்பு என்று நிரூபிக்க, நேற்று வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். உள்ளே பாப்பா அம்மாவிடம் எதையோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்றே எனக்குத் தெரியாது அக்கா. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வெளியிலேயே நின்றேன். பிறகு கதவைத் தட்டினேன், சிரிப்பு நின்றுவிட்டது. தாளில் தப்பில்லை. நீயே அந்த அம்மாவுக்குப் போன் செய்து வியாழக்கிழமை நேரம் வாங்கிக் கொடு, எனக்குக் கேட்க வாய் வரவில்லை. பாப்பாவுக்கு இல்லை, எனக்கு.