எஃப்.ஐ.ஆர். அங்கிள் கேட்ட ஒரே கேள்வி

நியூஜெர்சியில் போலீஸ் காரைப் பார்த்ததும் அதை நோக்கி நடந்த ஒரே தமிழர் எங்கள் எஃப்.ஐ.ஆர். அங்கிள்தான். மதுரை மாலைப் பத்திரிகை ஒன்றில் முப்பது வருடம் குற்றச் செய்தி எழுதிவிட்டு, மகளோடு இருக்க எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு வந்தவர். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை வேகமாக ஓட்டியதற்காக என்னைப் போலீஸ்காரர் நிறுத்தினார். எச்சரித்து அனுப்பத்தான் இருந்தார். பக்கத்து சீட்டிலிருந்த அங்கிள் நோட்டைத் திறந்து, "திஸ் மந்த், ஹவ் மெனி கேசஸ், சார்?" என்றார். எனக்கு அபராத டிக்கெட் கிடைத்தது. அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. வீடு வரும்வரை அதற்குத்தான் வருத்தப்பட்டார்.

வாரம் ஒரு பக்கச் செய்திமடல் எழுதி எங்களுக்கெல்லாம் மெயிலில் அனுப்புவார். பெரும்பாலும் காணாமல் போன பூனை, லாண்டரி ரூம் சண்டை.

போன வருடம் எங்கள் வளாகத்தில் அடுத்தடுத்து மூன்று வீடுகளில் நகை திருடு போனது. ஒரு காலை, இரண்டாம் மாடி செந்திலைப் போலீஸ் காரில் ஏற்றிப் போனார்கள். கார் கேட்டைத் தாண்டுமுன் அவர் படம் வாட்ஸ்அப்பில் 'திருடன்' என்று சுற்றியது. நானும் ஃபார்வர்டு செய்தேன்.

சாயங்காலமே செந்தில் திரும்பிவிட்டார். விசாரணை பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஊரும் அவரோடு பேசவில்லை. அவர் மனைவி குழந்தையைப் பார்க்குக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிட்டார்.

"நீங்க ஏன் அங்கிள் இன்னும் எழுதல?" என்றேன்.

"போலீஸ் சொல்லாம நான் எழுத மாட்டேம்மா. சொல்லாம அவங்கள விடவும் மாட்டேன். வண்டிய எடு."

விசாரணை நடக்கும்போது எதுவும் பேச முடியாது என்றார் ஸ்டேஷனில் இருந்த சார்ஜென்ட்.

"தீஃப் நேம் நோ வான்ட், சார். எவிடென்ஸ் நோ வான்ட். ஒன் கொஸ்டின் ஒன்லி. செந்தில் இஸ் சஸ்பெக்ட்? எஸ் ஆர் நோ?"

"நோ காமென்ட்."

"ஐ வில் சிட்."

உட்கார்ந்தார். மூன்று நாள், தயிர்சாத டப்பாவோடு. இரண்டாம் நாளே வரவேற்பில் இருந்த பெண் எலுமிச்சை ஊறுகாய்க்குப் பழகிவிட்டாள்.

மூன்றாம் நாள் சார்ஜென்ட் கையெழுத்திட்ட தாளோடு வந்தார்: செந்தில் மீது எந்தச் சந்தேகமும் இல்லை. கொடுத்த கையோடு மனம் இளகி, திருட்டு நடந்த அன்று செந்தில் எதைப் பார்த்தார் என்று சொல்லத் தொடங்கினார். அங்கிள் கையை உயர்த்தினார்.

"நோ, சார். டோன்ட் டெல் மீ. யுவர் கேஸ் வில் ஸ்பாயில்."

சார்ஜென்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற எனக்கு, என் அப்பாவுக்கு விருது கொடுத்த மாதிரி இருந்தது.

அன்றைய மடலில் போலீஸ் சொன்ன அந்த வரி. கீழே இன்னொன்று: 'படத்தை அனுப்பியவர்கள் பட்டியல் என்னிடம் உண்டு. வெளியிட மாட்டேன். செந்தில் வீட்டு நம்பர் எல்லோருக்கும் தெரியும்.'

நான் போனபோது, செந்தில் வீட்டு வாசலில் எனக்கு முன்னால் ஆறு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்கு வேலை மாறி, அங்கிள் இப்போது டெக்சாஸில். அந்த ஊர் போலீஸை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.