மூன்று தடைகளில் மூத்தவர் யார்?

பயம் வந்தால் வாயை மூடிக்கொள்பவர்கள் உண்டு. பயம் வந்தால் வாயைத் திறப்பவர்களும் உண்டு. முதல் கூட்டத்தார் எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள். நான் பிறந்ததிலிருந்தே முதல் கூட்டம். (பின்னாளில் என் கல்யாணத்தில் பூசாரி பெயர் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்ற என் மச்சான்தான் சொன்னான்.) வாழ்நாளில் ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும் கட்சி மாறினேன். அந்தக் காலைப்பொழுதில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைக்க இருந்த ஒரு தேசம் கைவிட்டுப் போயிற்று.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் சிப்பாய்கள் பார்லிமெண்டுக்குள் நுழைந்து முதல் முறையாக அரசாங்கத்தைக் கவிழ்த்திருந்த சமயம் அது. நம்ம ஆட்கள் வீடு வீடாக வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு வோட்டுவாலேவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே விமானம் ஏறும்போதெல்லாம் அம்மா கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பாள்.

"இதுல எந்த வீடு போவுது?" என்பாள்.

யாராவது சொல்வார்கள். நாயுடு வீடு. கவுண்டர் வீட்டு மூத்த மகன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லித் தோற்றுப்போன வாத்தியார். எங்கள் கரும்பு நிலமோ குத்தகை நிலம். குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்று அப்பா ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அந்த வருடம் அவர் புதுக் கரும்பு நடவில்லை.

வீட்டில் நாலு பேர். அப்பா, அம்மா, நான், படிப்பில் கெட்டிக்காரியான தங்கை லெட்சுமி. வெளிநாட்டுக்காரன் கேட்பதெல்லாம் கைத்தொழில். குடும்பத்தில் ஒருவனுக்குத் தொழில் தெரிந்தால் போதும், அவன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் போகலாம். எங்கள் வீட்டில் தொழில் தெரிந்த ஒரே ஜீவன் நான். மார்டின்டாரில் ஒரு கடையில் இஸ்திரிப் பெட்டியும் மின்விசிறியும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். கடைக்காரர் வேலையைக் கற்றுக்கொடுத்தாரே தவிர, அது ஏன் வேலை செய்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக்லாந்திலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார், மார்டின்டார் ஹோட்டல் ஒன்றில் எலக்ட்ரீஷியன்களுக்குப் பரீட்சை வைக்கப்போகிறார் என்று செய்தி வந்தது. லெட்சுமி தன் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, தடையெல்லாம் வரிசையா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு இருந்தா சும்மா கூட்டிடு. பக்கம் பக்கமா இருந்தா ஒவ்வொண்ணையும் ஒண்ணுக்குக் கீழ போட்டுக் கூட்டி, வர்றதைத் தலைகீழாத் திருப்பு."

"எதுக்குத் திருப்பணும்?"

"திருப்பினாதான் மொத்தத் தடை வரும். பக்கம் பக்கமா வைக்க வைக்க மொத்தம் குறையும்."

"கூட்டினா குறையுமா? நல்லா இருக்கே உங்க பள்ளிக்கூடம்!"

ஒரு வாரம் போராடினாள். (பசுமாட்டுக்குச் சொல்லியிருந்தால் தலையாவது ஆட்டியிருக்கும்.) எனக்கு வழி பிறந்தது மாமா மகன் சின்னப்பன் வீட்டு க்ரோக் சபையில்தான். க்ரோக் என்பது யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. நடுவில் மரத் தொட்டி, சுற்றிலும் ஆட்கள், குடிக்க ஒரு கொட்டாங்கச்சி. வாங்கும் முன் ஒரு முறை கை தட்ட வேண்டும், குடித்த பின் மூன்று முறை தட்ட வேண்டும். அன்றைக்கு ஆள் அதிகம், கொட்டாங்கச்சி ஒன்றே ஒன்று. முன்னால் இருப்பவன் குடித்து முடித்தால்தான் அடுத்தவனுக்கு. சலித்துப்போன சின்னப்பன் உள்ளே போய் ஆளுக்கொரு கொட்டாங்கச்சி கொண்டுவந்தான். தொட்டி கண்மூடித் திறப்பதற்குள் காலி.

எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. ஒரே கொட்டாங்கச்சி என்றால் ஒருவன் நேரத்தோடு அடுத்தவன் நேரம் கூடும். அது வரிசைத் தடை. ஆளுக்கொன்று என்றால், ஆள் கூடக் கூடத் தொட்டி சீக்கிரம் காலி. அது பக்கத் தடை! ஓடிப்போய் லெட்சுமியிடம் சொன்னேன். அவள் ஏழெட்டுக் கணக்குக் கொடுத்தாள். மனசுக்குள் க்ரோக் குடித்தே எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ஒரு கை தட்டினால் வரிசை, மூன்று கை தட்டினால் பக்கம் என்று அடையாளமும் வைத்துக்கொண்டேன்.

"கணக்கு சரியாத்தான் வருது," என்றாள் அரை மனதாக. "ஆனா அங்க போயி க்ரோக்னு வாயைத் திறந்துடாதே அண்ணே."

"நான் எங்கே வாயைத் திறக்கறேன்?" என்றேன். நியாயமான பேச்சுதான், அன்றுவரை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, மகன் தேறிவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார். ஊரை விட்டுப் போகிறவர்கள் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு விருந்து வைப்பது வழக்கம். விமானச்சீட்டு வந்த பிறகு வைப்பார்கள். அப்பா பரீட்சைக்கு முன்பே வைத்தார். "கடைசி நேரத்துல நல்ல ஆடு கிடைக்காதுடா" என்றார். கிடா வெட்டி, பந்தல் போட்டு, எனக்குச் சலுசலு என்கிற பூமாலையும் போட்டார்கள். (மாலை போட்ட பிறகு ஆட்டுக்கு என்ன நடந்தது என்பதை அன்று காலைதான் பார்த்திருந்தேன், இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.) அம்மா உருகிப்போய் நாற்காலிகளைச் சின்னப்பன் வீட்டுக்கும், பசுவைப் பின் வீட்டுக்கும், கண்ணாடி வைத்த பீரோவைப் பக்கத்து வீட்டு மணியக்காவுக்கும் கொடுத்தாள். பீரோவை வாங்கிக்கொண்டு மணியக்கா அழுத அழுகையில் நானே ஏற்கெனவே ஆக்லாந்தில் இருப்பதுபோல உணர்ந்தேன்.

பரீட்சையன்று காலையில் நான் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடுவதைச் சின்னப்பன் பார்த்துவிட்டான்.

"அரே மச்சான், இப்படிப் போனா உன் பேரே உனக்கு வராது. ரெண்டு வாய் போட்டுட்டுப் போ. தைரியம் தன்னால வரும்."

ரெண்டு வாய் என்று ஆரம்பித்தது. எத்தனையில் முடிந்தது என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. உதடு மரத்துப்போயிற்று. பயம் போயிற்று. உலகத்தில் எல்லோரும் எனக்கு மாமன் மச்சான் என்று தோன்றியது. அதுதான் ஆபத்து.

தேர்வாளர் நல்ல மனிதர். சிவந்த முகம், மெல்லிய குரல். அவர் கேட்டதையும் நான் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னதையும் தமிழில் எழுதுகிறேன். அவர் படம் வரைந்த தாளை நீட்டினார். நான் ஒரு முறை கை தட்டி, இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக்கொண்டேன்.

அவர் கொஞ்சம் திகைத்து, பிறகு புன்னகைத்தார்.

படத்தில் ஆறு ஓம் தடைகள் மூன்று. முதல் இரண்டும் பக்கம் பக்கமாக. மூன்றாவது அவற்றுக்குப் பின்னால் வரிசையில். மொத்தத் தடை எவ்வளவு? கண்ணை மூடினேன். முதல் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கொட்டாங்கச்சி, ஆகவே பாதி நேரம், மூன்று. அடுத்தவருக்கு ஆறு. மூன்றும் ஆறும் ஒன்பது. ஒன்பது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரையை ஆக்லாந்தில் போர்வைக்குள் இருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆனால் மூன்றாவது ஆளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சபையில் பெரியவருக்குத்தான் முதலில் கொடுப்போம். கெட்டியாக இருக்கும். கடைசி ஆளுக்கு வரும்போது தொட்டியில் சரக்கு தீர்ந்து, வேரைக் கழுவின தண்ணீர்தான் மிஞ்சும்.

"ஐயா," என்றேன், "இந்த மூணு பேர்ல மூத்தவர் யாரு?"

"யாரில்?"

"இந்தத் தடைகள்ல."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அதில் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்தார் போலும்.

"மூன்றும் ஒரே மாதிரிதான்," என்றார்.

"அப்போ கடைசியில இருக்கறவர்தான் சின்னவர். அவருக்குக் கழுவுன தண்ணிதான் வரும். அதைக் குடிக்க என்ன சிரமம்? பாதி நேரம் போதும். அதனால அவரை மூணுன்னு வச்சுக்கலாம். மொத்தம் ஆறு."

"யார் எதைக் குடிக்கிறார்கள்?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

அப்போதாவது நான் என் சொந்தக் கட்சிக்குத் திரும்பியிருக்கலாம். பிறந்ததிலிருந்து பேசாமல் சேர்த்து வைத்த பேச்செல்லாம் அன்று வெளியே வந்தது. தொட்டி, கொட்டாங்கச்சி, யாருக்கு முதல் மரியாதை, தண்ணீர் எப்போது ஊற்றலாம், எப்போது ஊற்றக்கூடாது. அந்த ஹோட்டல் அறையில் ஒரு முழு சபையையே நடத்திக் காட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருந்தும் அந்தப் புண்ணியவான் என்னைக் கைவிடவில்லை. இரண்டு பல்பும் கொஞ்சம் ஒயரும் ஒரு பலகையில் வைத்து, "ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரிய வேண்டும். அப்படி மாட்டுங்கள்" என்றார். பக்கம் பக்கமாக மாட்ட வேண்டும், மூன்று கைதட்டல். எந்தக் குழந்தையும் செய்யும். மாட்டினேன். இரண்டும் எரிந்தன, கொஞ்சம் மங்கலாக. பெருமையோடு ஒன்றைக் கழற்றினேன்.

மற்றதும் அணைந்தது.

அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா, லெட்சுமி எல்லோரும் அதில் எனக்குப் பின்னால் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்குவது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வரிசையில் ஒன்று போனால் எல்லாம் இருட்டு. பாடம் அன்றுதான் ஏறியது, பரீட்சைதான் முடிந்துவிட்டது. எழுந்து மூன்று முறை கை தட்டினேன். சபையிலிருந்து தட்டாமல் எழுவது மரியாதை இல்லையே.

வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். (நாற்காலிதான் இல்லையே.) லெட்சுமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கேட்டாங்க?" என்றாள். சொன்னேன்.

"ஒன்பது," என்றாள் உடனே. "நீ என்ன சொன்னே?"

"ஆறு."

"எப்படிண்ணே ஆறு?"

"கடைசி ஆளுக்குக் கழுவுன தண்ணிதானே?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா மட்டும் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார்.

"அவன் சொல்றதும் நியாயந்தானே," என்றார். "கடைசி ஆளுக்கு எவன் கெட்டியா ஊத்தறான்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று இரவு முழுக்க அந்த நியாயம் என்னைத் தூங்கவிடவில்லை.

பிறகு தெருவில் தலை காட்ட முடியவில்லை. "இன்னும் போகலையா ஆறுமுகம்?" என்று கேட்காத வாயில்லை. ஆடு தின்ற வாய்கள்! சின்னப்பன் நாற்காலிகளைத் தானே சுமந்து வந்து தலைகுனிந்தபடி போட்டுவிட்டுப் போனான். பசுவைத் திருப்பிக் கேட்க அம்மாவுக்கு மனமில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒருபாடு பேசிவிட்டு வருவாள். பீரோவைக் கேட்கலாம் என்று தைரியம் வருவதற்குள் மணியக்கா குடும்பத்துக்கு விசா வந்துவிட்டது. அவர்கள் சாமான்களோடு அதுவும் கப்பலேறியது. எங்கள் குடும்பத்திலிருந்து முதலில் வெளிநாடு போனது அந்தப் பீரோதான்.

லெட்சுமி அதற்கப்புறம் யார் வாலையும் நம்பவில்லை. தானே படித்தாள், டீச்சர் ஆனாள், பல வருடம் கழித்துச் சிப்பாய்கள் மறுபடி அரசாங்கத்தைப் பிடித்தபோது தன் பெயரிலேயே விண்ணப்பம் போட்டு ஆக்லாந்து போனாள். தனிக் கம்பி. ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும். அம்மாவைக் கூட்டிக்கொண்டாள். குத்தகை முடிந்து நிலம் போனபின், அப்பா கரும்பு இல்லாத வயலைப் பார்த்துக்கொண்டே சில வருடம் இருந்தார். அவர் செத்தபோது பாடை தூக்க ஊரில் ஆள் தேட வேண்டியிருந்தது. நான் இன்னும் வோட்டுவாலேவில்தான். வயரிங் வேலை. பெரும்பாலும், ஆள் போய்விட்ட வீடுகளில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டும் வேலை.

லெட்சுமியின் மகள்களுக்குத் தமிழ் தெரியாது. ஒரே ஒரு வாக்கியம் தெரியும். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சட்டி அடியில் குழம்பு தண்ணீராக மிஞ்சும்போது, கடைசியாகத் தட்டை நீட்டுகிறவரைப் பார்த்து எல்லோரும் ஒன்றாகக் கத்துவார்களாம்: "கடைசி ஆளுக்குக் கழுவுன தண்ணி!" போனில் அதைக் கேட்டு நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

போன வருடம் அவர்கள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். திரும்பிப் போகும் நாளில் விமான நிலையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். இந்தப் பக்கம் நிற்பதில் எனக்கு நல்ல பழக்கம். சின்னவள் உள்ளே போகும் முன் திரும்பி, என்னைப் பார்த்து, மாமாவின் கதை ஞாபகமாக மூன்று முறை கை தட்டினாள். குடித்து முடித்தாயிற்று, சபை கலையலாம் என்று அர்த்தம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் பதில் மரியாதை செய்ய வேண்டுமே.

நான் ஒரே ஒரு முறை தட்டினேன். எனக்கு இன்னும் கொட்டாங்கச்சி வந்து சேரவில்லை.