ரெண்டுசீட்டு அண்ணாச்சி சைலன்சர் வாங்கினார்

உலகத்திலேயே சைலன்சரை முகர்ந்து பார்த்து வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ரெண்டுசீட்டு அண்ணாச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் அவருக்கு. அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். அருகிலிருந்த ரப்பர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. யாரோ ஒரு எஸ்டேட் முதலாளி கழித்துவிட்ட, என் அப்பாவைவிட மூத்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருந்தது. சீட்டு இரண்டே இரண்டு. அதனால்தான் அந்தப் பெயர். கூரை கிடையாது. மழை வந்தால் ஒரு ரப்பர் ஷீட்டைத் தலையில் போர்த்திக்கொண்டு அதே வேகத்தில் போவார். குளச்சலில் பெரிய நெய்மீன் வாங்கினால், அதைப் பக்கத்துச் சீட்டில் சாய்த்து வைத்து, விழாமல் கயிறும் கட்டிவிடுவார்.

நெய்மீன் உட்கார்ந்த அந்தச் சீட்டில் அவர் மனைவி ரோஸ் அக்கா ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. காரணம், சத்தம். பாறை உடைக்கும் இயந்திரத்துக்கு இருமல் பிடித்தால் எப்படியிருக்கும், அப்படி. எந்த விசேஷத்துக்கும் அண்ணாச்சி காரில், அக்கா பஸ்ஸில்.

ஒருநாள் காலை சந்தை முக்கில் சைலன்சர் கழன்று விழுந்தது.

“அண்ணாச்சி, காருக்க வாலு விழுந்து கிடக்கு ஓய்!” என்று மீன் விற்கும் பெண் கத்தினார்.

அன்றைக்கே ரோஸ் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “கர்த்தரே பாத்துத் தள்ளிவிட்டிருக்காரு. இனி சத்தமில்லாதது போட்டா, கொட்டாரத்துக் கல்யாணத்துக்கு நானும் கார்ல வாறேன். இல்லன்னா பஸ்ஸுதான். போன கல்யாணத்துல எல்லாவளும், ‘ரெண்டு பேருக்கும் பிணக்கமா’ன்னு கேக்காளுவ.”

கல்யாணம் கொட்டாரம் என்ற ஊரில், அக்காவின் தங்கை மகளுக்கு. அண்ணாச்சி மாடியேறி என்னிடம் வந்தார்.

“பிள்ளே, அந்தச் சத்தம் போனா பின்னே கார்ல என்ன இருக்கு? ஆனா அவ இதுவரைக்கும் ‘வாறேன்’னு சொன்னதே இல்ல கேட்டியா.”

நான் ஒரு அட்டவணை போட்டேன். உறுமும் நேர்குழாய், பழைய வடிவத்திலேயே பட்டறையில் செய்தது, உள்ளே அறை அறையாகத் தடுத்து பஞ்சு அடைத்த குண்டு ரகம் என்று மூன்று வகை. சத்தம், எடை, தரையிலிருந்து உயரம், துரு தாங்கும் திறன் என நான்கு பத்திகள். அண்ணாச்சி அதை மரியாதையாக வாங்கி, மடித்து, விசிறிக்கொண்டார்.

நாகர்கோவில் கடையில் மூன்றையும் தரையில் வரிசையாக வைக்கச் சொன்னார். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எங்கள் ஊரில் சக்கை என்கிற பலாப்பழம் வாங்கும் முறை அது.

“இது கூழன். உள்ள கொழகொழன்னு கிடக்கு.” அடுத்ததைத் தட்டினார். “இது பிஞ்சு.” குண்டு சைலன்சருக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. “இது வருக்க! சுளை நெறஞ்சு கிடக்கு.”

“அண்ணாச்சி, இது சக்க இல்ல, சைலன்சராக்கும்” என்றார் கடைக்காரர்.

“தட்டிப் பாக்காம எதையாவது வாங்கலாமாவே?” என்றபடி மூக்கையும் வைத்தார்.

கடைக்காரர் உதவி கேட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு அண்ணாச்சி நேர்குழாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாய்க்குட்டியைத் தடவுவதுபோல் அதைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் அதைக் கீழே வைத்துவிட்டு, குண்டு சைலன்சரைக் காட்டி, “இதக் கட்டும்” என்றார். என் அட்டவணையும் அதைத்தான் சொல்லியிருந்தது. அதை அப்போது சொல்வது நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டேன்.

புதுச் சைலன்சர் மாட்டி கார் தெருவுக்குள் வந்தபோது, பூனை நடப்பதுபோல் இருந்தது. சத்தம் கேட்காததால் அக்கம்பக்கத்தார் கவலையோடு வந்தார்கள். “எப்பம் வித்தீரு அண்ணாச்சி?” என்று ஒருவர் துக்கம் விசாரித்தார்.

“வண்டி கண்ணு முன்னால நிக்கு வே. போவும் ஓய்!”

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு. அவர்கள் புறப்பட்டு வெகுநேரம் கழித்து நான் பஸ் ஏறினேன். தக்கலையில் என் பஸ் அவர்களை முந்தியது. பிறகு ஒரு டெம்போ முந்தியதாகவும், ஒரு சைக்கிள் முந்த முயன்றதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். தாலி கட்டி முடிந்து, முதல் பந்தியும் எழுந்த பிறகுதான் கார் கொட்டாரம் வந்து சேர்ந்தது. ரோஸ் அக்கா இறங்கும்போதும் பேசிக்கொண்டேதான் இறங்கினார். தங்கையின் கோபத்தைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி, புதுச் சைலன்சர் போட்டதும் வண்டி இழுக்கலியா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இழுவைக்கு என்ன கொற?” அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “கூரை இல்லாத வண்டி பிள்ளே. வெரசலா போனா காத்துச் சத்தத்துல அவ சொல்லுதது கேக்காது. அவளுக்குப் பேச இத்தன வருஷத்து வர்த்தமானம் ஒருபாடு சேந்து கிடக்கு. பைய வந்தும் பாதிதான் தீந்திருக்கு. மீதி திரும்பிப் போவையில.”

நான் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். வேலைக்குப் போகும் அவசரத்தில், முன்னால் ஒரு கார் காரணமே இல்லாமல் ஊர்ந்து போனால், ஹாரனில் கை வைப்பதில்லை. பக்கத்துச் சீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கக்கூடும்.