கதவுக்குப் பிடித்த தலைமுடி

காலை ஏழேகாலுக்கே வீடு முழுக்கக் கருகல் வாடை. அக்கா ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் வெறும் வெந்நீர். அப்புறம்தான் விஷயம் புரிந்து குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"மறுபடியும் முடிக்குச் சூடு வைக்கிறியா?"

 உள்ளே முடியை நேராக்கும் ஸ்ட்ரெயிட்னர் சுர்ரென்றது.

வீட்டில் தங்கையைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே அப்படியொரு முடி. உள்ளே போன சீப்பு வெளியே வர வழி தேடும். அதைத்தான் எட்டு மாதமாக, அநேகமாக ஒரு நாள் விடாமல், சூடு வைத்து நேராக்கிக்கொண்டிருக்கிறாள். அழகுக்காக என்றால்கூடப் பரவாயில்லை, ஒரு கதவுக்காக.

லிஃப்ட் கம்பெனியில் அவளுக்கு வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், மெக்கானிக் போய்ச் சேரும்வரை போனில் பேசி ஆசுவாசப்படுத்த வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் அலுவலக வாசலில் ஒரு கதவு, அதன் மேல் ஒரு கேமரா, 'முகம் பார்த்துத் திறக்கும்' என்று ஒரு போர்டு. சேர்ந்த வெள்ளிக்கிழமை, ஏதோ விசேஷத்துக்காக நேராக்கிய முடியோடு போனவளை அப்படியே படம் பிடித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை தலைக்குக் குளித்துச் சொந்த முடியோடு போய் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்வாசல் வழியாகச் சுற்றிப்போய் உள்ளே நுழைந்ததில் ஒரு தாமதக் குறி விழுந்தது.

இப்படி மூன்று குறி விழுந்தால் வேலை நிரந்தரமாகாது, எட்டாம் மாதம் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு படம் எடுங்கள் என்று நிர்வாக அதிகாரியிடம் கெஞ்சினாள். புதுப்படம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தானாம். மறுநாள் முடியை நேராக்கிக்கொண்டு போனாள். பச்சை எரிந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஐந்தாம் மாதம் முடி கொத்துக் கொத்தாக ஒடிந்தது. குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முதலில் சூட்டை நிறுத்து என்று சொல்லி, வைட்டமின் மாத்திரை டப்பா ஒன்றும் கொடுத்தாள். தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு.

ஒன்று போட்டுவிட்டு மறுநாள் வரை காத்திருக்க அவளால் முடியுமா? மூன்றாகப் போட்டாள். அரை மணிக்கொரு தரம் கண்ணாடியைப் பார்த்தாள். முடி வளரவில்லை, வயிறுதான் புரட்டியது. லிஃப்டில் மாட்டிய ஒரு பெரியவரிடம் "பயப்படாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள்.

அக்கா டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு ஏசித் தீர்த்தாள். "உடம்புக்கு வைட்டமின் குறைவா இருந்தா, இனி வேர்ல வர்ற முடிக்கு இது உதவும். நீ ஏற்கெனவே எரிச்ச முடி எரிஞ்சதுதான். அதுக்கு உயிர் கொடுக்க எந்த டப்பாவாலயும் முடியாது."

சரி, முடிக்கு ஓய்வு கொடுப்போம் என்று ஒரு டோப்பா வாங்கினாள். நல்ல நேர்முடி, நெற்றிமுடி கண்ணை மறைத்துத் தொங்கியது. கதவின் முன் போய் நின்றாள். சிவப்பு. திருட்டுத்தனத்தை மெஷின் கண்டுபிடித்துவிட்டது என்று அவள் பயந்துபோனாள். இரண்டாவது குறி விழுந்தது. டோப்பா பரணுக்குப் போனது, ஸ்ட்ரெயிட்னர் திரும்ப வந்தது. இருந்த முடி முரண்டு பிடிக்க, சூட்டைக் கூட்டிக்கொண்டே போனாள். ராத்திரி தூக்கத்தில்கூடத் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

இன்றைக்கு எட்டாம் மாதக் கடைசி நாள். பதினொரு மணிக்கு நிரந்தர ஆணை. இன்று ஒரு நாள் கதவு திறந்தால் போதும்.

குளியலறையில் சத்தம் நின்றது. கதவைத் திறந்துகொண்டு வந்தவளின் கையில் ஸ்ட்ரெயிட்னர், ஸ்ட்ரெயிட்னரில் ஒரு பிடி முடி.

 ஒரு பக்கம் காதுக்கு மேலே முடி கட்டையாக ஒடிந்திருந்தது. அக்கா கத்தரிக்கோலை எடுத்து, மறுபக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டினாள். மிச்சமிருந்த இரண்டு விரல்கடை முடி, வேரோடு ஒட்டிய புது முடி, நன்றாகவே சுருண்டது.

"நான் யாருன்னு எனக்கே தெரியலக்கா. கதவுக்கு எங்க தெரியப்போவுது?" என்று அழுதாள் சுருட்டை.

வழியெல்லாம் தண்ணீர் தொட்டுத் தொட்டு முடியை அமுக்கினாள். அமுக்க அமுக்க அது எழுந்தது. வாசலில் ஐந்து நிமிடம் தள்ளியே நின்று, மற்றவர்கள் உள்ளே போவதைப் பார்த்தாள். மணி எட்டு ஐம்பத்தெட்டு. வருவது வரட்டும் என்று கேமராவின் முன் போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிக் என்றது. பச்சை. கதவு திறந்துவிட்டது.

நம்ப முடியாமல் அங்கேயே நின்றாள். பக்கத்திலிருந்த கறுப்புக் கண்ணாடிக் கூண்டிலிருந்து வாட்ச்மேன் தலையை நீட்டி, சீக்கிரம் உள்ளே போகச் சொன்னார். அவள் நகரவில்லை. எட்டு மாதமாக எரித்தது, விழுங்கியது, வெட்டியது எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டாள்.

"அண்ணே, முடியே இல்லாம வந்திருக்கேன். மெஷினுக்கு என்னை எப்படித் தெரிஞ்சுது?"

வாட்ச்மேன் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

"மெஷின் வந்த மறுவாரமே செத்துப்போச்சும்மா, ஆளைத் தெரிஞ்சா பச்சை, தெரியலன்னா சிவப்புன்னு பட்டனை அமுக்குறது நான்தான், இப்ப உன் முகம் பழகிடுச்சு, புது ஆளா வந்த அன்னிக்கே இந்தப் பக்கம் திரும்பிப் பேரைச் சொல்லியிருந்தா, நீ மொட்டை அடிச்சுட்டு வந்தாக்கூடத் திறந்து விட்டிருப்பேனே."